அம்மா சத்தம் போடாத நாள்

டென்னிஸ் பந்துகள் அடைத்த டப்பாவை முதன்முதலாகத் திறக்கும்போது 'புஸ்' என்று ஒரு காற்று வெளியே வரும். ரப்பரும் கம்பளியும் கொஞ்சம் பெட்ரோலும் சேர்ந்தாற்போன்ற அந்த வாசனை, அப்பா குவைத்திலிருந்து வந்து கூடத்தில் வைத்துப் பெட்டியைத் திறக்கும்போது வீடு முழுக்கப் பரவும் வாசனைக்கு நெருங்கிய சொந்தம். இரண்டையும் ஒரே விடுமுறையில் முகர்ந்தவள் நான். ஐந்தாம் வகுப்பு முடிந்த மே மாதம் அது. நாகர்கோவிலில் ஒரு கிளப்பின் மண் மைதானத்தில், காலையில் பனி காய்வதற்கு முன்பு போய் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் நேரம்வரை ஒரே பெஞ்சில் இருந்து நாங்கள் டென்னிஸ் பார்த்தோம். அன்று பார்த்ததைப்போல அதன் பிறகு எதையும் நான் பார்த்ததில்லை என்று துணிந்து சொல்வேன்.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரிக்கு டென்னிஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் ஆட்டம் என்றால் கால்பந்து. அதற்கு மேல் ஒன்றைக் கடவுள் படைக்கவில்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. ஆனால் என் அக்கா ஜெசிந்தா நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படித்தவள். பள்ளிக்கூடத்து மாமரத்தில் இடது கையால் கல்லெறிந்து மாங்காயை விழத்தட்டியபோது விளையாட்டு டீச்சரிடம் பிடிபட்டாள். டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றவளிடம், அவர் இன்னொரு கல்லை எடுத்துக் கொடுத்து, 'அந்தக் காயை அடி, பாப்போம்' என்றாராம். அக்கா அடித்தாள். அடுத்த வாரமே அவள் கையில் மட்டை இருந்தது. பிறகு பள்ளிக்கூடம், மாவட்டம் என்று அவள் ஆடிக்கொண்டு போனதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பரிசுக் கோப்பைகள் வந்தன. அம்மா அவற்றில் ஊதுபத்தி செருகி வைத்தாள்.

அந்த மே மாதம்தான் விஷயம் முற்றியது. பிளஸ் டூ முடித்த அக்காவைச் சென்னையில் ஒரு கல்லூரி விளையாட்டுக்காக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இங்கே அப்பாவின் அக்கா, நாங்கள் 'மாமி' என்று கூப்பிடும் பிலோமி, நர்சிங் படிப்புக்கு இடம் பேசி முடித்து வைத்திருந்தாள். மாமியின் மகள் சவுதியில் நர்ஸ். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை நர்சிங் படித்துவிட்டால் அந்தக் குடும்பம் கரையேறியாயிற்று என்று அர்த்தம். மாமி கெட்டவளில்லை, அக்காவைக் கரையேற்றத்தான் பார்த்தாள். அப்பாவோ அடுத்த வாரம் குவைத்துக்கு விமானம் ஏற வேண்டியவர். இரண்டு பக்கமும் கேட்டுக் காது புளித்துப்போய் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் தீர்ப்பைச் சொன்னார்:

"காலம்பற தொட்டு அந்தி வரைக்கும் ஒரு நாள் நான் இருந்து பாக்கேன். அன்னைக்கு அந்திக்கு நான் சொல்லுததுதான். அதுக்குப் பொறவு ஒருத்தரும் வாயத் தொறக்கப்பிடாது."

அப்படித்தான் மாவட்டப் போட்டியின் கடைசி நாளைக்கு, திங்கள்நகர் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் அப்பா, அம்மா, மாமி, நான் நால்வரும் ஏறினோம். மடியில் வாழையிலைப் பொதிகள். அன்று காலையில் கால் இறுதி, மதியம் அரை இறுதி, மாலையில் இறுதி. அக்கா ஜெயித்துக்கொண்டே போனால் எங்களுக்கு முழுநாள். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பொதியைப் பஸ்ஸிலேயே பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு திரும்பலாம் என்று மாமி கணக்குப் போட்டிருந்தாள்.

மேலே போவதற்கு முன் அம்மாவின் தொண்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அன்று நடந்தது உங்களுக்குப் புரியாது.

கட்டுமரத்தில் கரைக்கு வருகிறவனுக்குக் கரை தெரியும்; முதுகுக்குப் பின்னால் எழும்பி வரும் அலை தெரியாது. துடுப்புப் போடுகிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் மரம் குறுக்கே விழுந்து மறிந்து கவிழ்ந்துவிடும். அதனால் கரையில் நிற்கிறவர்கள்தாம் அவனுக்குக் கண். ஆனி ஆடியில் கடல் புரளும்போது பெரிய அலைகள் வரிசையாக வந்து அடிக்கும். பிறகு ஒரு சின்ன ஓய்வு. அந்த ஓய்வுக்குள் மரத்தை உள்ளே செலுத்திவிட வேண்டும். அந்த நேரத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கரையில் நிற்கிறவர்களின் வேலை. "பொறு... பொறு... பொறு... இப்பம்! இப்பம் வா!" எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் கத்துவார்கள், ஆனால் கடலில் கிடப்பவர்கள் யார் சத்தத்தைக் கேட்டு வருவார்கள் என்பது வேறு. அம்மாவின் சத்தத்தைக் கேட்டு வந்தார்கள். அலை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகிற தொண்டை. அதைவிட, தப்பாத கண்.

குவைத்துக்குப் போவதற்கு முன் அப்பாவும் கடலில் போனவர்தான். கல்யாணத்துக்கு முன் ஒரு ஆடிக் காலையில் அவரை உள்ளே கொண்டுவந்ததும் அம்மாவின் சத்தமே. 'யாரு அந்தப் பிள்ள' என்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். "நான் உங்கம்மைய கண்டு கெட்டல, சத்தத்தக் கேட்டுக் கெட்டினேன்" என்று விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சொல்லி அம்மாவைக் கடுப்பேற்றுவார். அம்மா பொய்யாகக் கோபப்பட்டு, அடுப்படியிலிருந்து பதில் சொல்லுவாள். அது தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

இப்படிப்பட்ட தொண்டையோடுதான் நாங்கள் அந்த மைதானத்துக்குள் நுழைந்தோம்.

அங்கே இருந்த அமைதியை என்னவென்று சொல்வது! நடுப்பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் எழுந்தேற்றத்தின்போதுகூட எங்கள் கோவிலில் அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. எங்காவது ஒரு பிள்ளை அழும். இங்கே பிள்ளைகளும் அழவில்லை. வெள்ளைத் தொப்பி வைத்த பெரிய மனிதர்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாமார்கள், குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். நல்ல அடி விழுந்தால் இரண்டு விரலை மறு உள்ளங்கையில் தட்டினார்கள். நாங்கள் கம்பிவேலிக்குப் பக்கத்தில் கிடந்த மரப்பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம்: ஓரத்தில் மாமி, பிறகு அப்பா, அம்மா, அம்மாவுக்கு வலப்பக்கம் நான். மேற்கே வேளிமலை நீலமாகத் தெரிந்தது. தரையில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்து, "கல்யாண வீட்டு முற்றம் கணக்க இருக்கு" என்றாள், அவள் அளவில் கிசுகிசுப்பாக. முன்வரிசையில் நான்கு தலைகள் திரும்பின.

அக்கா வந்தாள். எங்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இடது கையில் மட்டையைச் சுழற்றிக்கொண்டே எதிர்ப்பக்கம் போனாள். அவளை அந்த வெள்ளைப் பாவாடையில், அந்த நடையில், நான் முன்பு பார்த்ததில்லை. வீட்டில் என்னோடு தேங்காய்ப்பூவுக்குச் சண்டை போடுகிற அக்கா அல்ல இவள்.

முதல் ஆட்டம் மார்த்தாண்டத்துக்காரப் பெண் ஒருத்தியோடு. முதல் சில நிமிடங்கள் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பதினஞ்சு, முப்பது, பொறவு நாப்பதா? இது எந்தூருக் கணக்கு?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பாவுக்கும் தெரியாது, தெரிந்ததைப்போல முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். ஆனால் கணக்கு புரியாவிட்டாலும் பந்து புரிந்துவிட்டது அம்மாவுக்கு. மார்த்தாண்டத்துப் பெண் பந்தை மேலே தூக்கி அடித்தாள். பந்து மெல்ல வளைந்து, வெயிலில் மஞ்சளாக, அக்காவின் தலைக்கு மேலே வந்தது. அக்கா பின்னால் நகர்ந்து கையை ஓங்கினாள். பக்கத்தில் அம்மாவின் மூச்சு நின்றது எனக்குத் தெரிந்தது.

"பொறு... பொறு... பொறு... இப்பம்! அடி மோளே!"

அந்தச் சத்தம் வேளிமலையில் பட்டுத் திரும்பியிருக்கும். வாகை மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. அக்காவின் அடி வலையில் போய் விழுந்தது. உயர நாற்காலியில் இருந்த அம்பயர், நரைத்த மீசைக்காரர், கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார்.

"அம்மா, வெளியில இருந்து ஆடுறவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இது முதல் எச்சரிக்கை. இன்னொரு தடவை சத்தம் வந்தா உங்க பொண்ணுக்குத்தான் ஒரு பாயிண்ட் நஷ்டம்."

அம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எம்பிள்ளைக்கித்தான சாரே நான் சொன்னேன்? அந்தப் பிள்ளைக்கி அதுக்கம்ம சொல்லட்டும், நான் வேண்டாம்ணா சொன்னேன்?"

குடைகளுக்குக் கீழே சிரிப்பு. அப்பா அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். எனக்குச் சிரிப்பவர்களின்மேல்தான் கோபம் வந்தது. அம்மா சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கும் அன்று தெரியவில்லை. உயிர் பிழைக்கிற காரியத்தில் உதவி செய்கிற சத்தத்தை இந்த ஊரில் குற்றம் என்கிறார்களே என்று இருந்தது.

அம்மா வேண்டுமென்று செய்பவள் அல்ல. வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இருமல் மாதிரி அது. அடக்க அடக்க உள்ளேயே திரண்டு ஒருகட்டத்தில் வெளியே வந்துவிடும். வந்துவிட்டது. "இப்பம்!" என்ற ஒரே சொல். அம்பயர் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பாயிண்ட் சொன்னார். அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். அந்த ஆட்டத்தை அவள் ஜெயித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மதியம் வாகை மர நிழலில் பொதியைப் பிரித்தோம். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். வாசனை கிளம்பியதும் பக்கத்திலிருந்த நாற்காலிகள் பைய நகர்ந்துபோயின. நல்லது, எங்களுக்கு நிழல் கூடுதலாகக் கிடைத்தது. அக்கா வந்து நின்றாள். உட்காரவில்லை.

"அம்மா, நீ இனி ஒரு சத்தம் போட்டேன்னா மட்டைய அங்கேயே போட்டுட்டு எறங்கி வந்திருவேன். நாணக்கேடா இருக்கு எனக்கு."

அம்மா கிழங்கு பிசைந்த கையோடு அப்படியே இருந்தாள். ஊரில் எத்தனை பேரைக் கரைக்குக் கொண்டுவந்த சத்தம்! அதை யாரும் அவளிடம் நாணக்கேடு என்று சொன்னதில்லை. மாமி இதுதான் சமயம் என்று, "செலினே, நீ என் கூட வா. அடுத்த பஸ்ஸுல போவோம். வெயிலும் கொளுத்துது" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

"மரம் கடல்ல கிடக்கும்போ கரைய விட்டுட்டு ஆரும் வீட்டுக்குப் போவாளா மயினி?" என்றாள் அம்மா. பிறகு அக்காவைப் பார்த்து, "செரி மோளே. இனி நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ சாப்பிடு" என்றாள்.

அப்பா மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அன்று காலை முழுக்க அவர் பந்தைப் பார்த்ததைவிட மற்றவர்களின் காலணிகளைப் பார்த்ததே அதிகம். குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். இந்த மாதிரி மனிதர்களுக்கு நடுவே தன் மகள் மட்டும் தனியாகச் சென்னையில் எப்படி நிற்பாள் என்பதுதான் அவர் மனசில் ஓடியிருக்க வேண்டும். இப்போது அம்மா பட்ட அவமானமும் சேர்ந்துகொண்டது. முடிவு மாமியின் பக்கம் சாய்வதை, கிழங்கு தின்றுகொண்டிருந்த நானே கண்டேன்.

அரை இறுதி தொடங்கியது. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் உள்ளே திரளுகிற சத்தம் எங்கேயாவது போக வேண்டுமல்லவா? அது அவள் கைகளில் இறங்கியது. வலக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இடக்கையால் அப்பாவின் மணிக்கட்டை. மேலே ஒரு பந்து எழும்பியதும் அம்மாவின் விரல்கள் இறுகும். இன்னும் இறுகும். எலும்பு நொறுங்கும்போல இறுகும். பிறகு சட்டென்று விடும். கரைவலையின் வடக்கயிறு இழுத்த கை அது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வலிக்குதும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். அவள் எங்களோடு இல்லை. கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா முதல் செட்டில் தோற்றாள். பந்தைத் தூக்கிப் போடும்போதெல்லாம் எங்கே சத்தம் வந்துவிடுமோ என்று தோள் கூசியது அவளுக்கு. சத்தம் வரவில்லை. மறுபடி போட்டாள். வரவில்லை. இரண்டாவது செட்டின் நடுவில்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது, தோள் இறங்கியது. அதற்குப் பிறகுதான் நான் அதைக் கவனித்தேன். அம்மாவின் விரல்கள் இறுகி, இறுகி, விடுகிற அந்த நொடியில்தான் எதிரே 'டப்' என்று அக்காவின் மட்டை பேசியது. ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். இறுக்கம், இறுக்கம், விடுதலை, 'டப்'. பந்தைப் பார்க்கவே வேண்டாம். என் கைக்கே ஆட்டம் தெரிந்தது.

கண்ணைத் திறந்து அப்பாவை எட்டிப் பார்த்தேன். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மாமி அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பரம சந்தோஷம். "ஏலே, ஒறங்குதியா? இதுக்காக்கும் ஒரு நாள் முழுக்க இருப்பேன்னு சொன்ன?" என்று தம்பியைத் தோளில் தட்டினாள். அப்பா கண்ணைத் திறக்காமலே, "சும்மா இரி அக்கா" என்றார். மாமி செபமாலையை எடுத்தாள். உருட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். அவள் எந்தப் பெண் ஜெயிக்க வேண்டிக்கொண்டாள் என்பதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கர்த்தர் சித்தம் என்றுதான் சொல்லியிருப்பாள். அக்கா அரை இறுதியை ஜெயித்தாள்.

இறுதி ஆட்டத்துக்கு வெயில் சாய்ந்துவிட்டது. எதிரே நாகர்கோவில் டாக்டர் ஒருவரின் மகள். அந்த மைதானத்திலேயே வளர்ந்தவள். எந்த இடத்தில் தரை பள்ளம் என்று அவளுடைய வெள்ளைக் காலணிக்குத் தெரியும். குடைகள் எல்லாம் அவள் பக்கம். அக்காவுக்கு நாங்கள் நால்வர், அதிலும் ஒருத்தி நிலை தெரியாத மாமி. ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போனது. என் மணிக்கட்டில் வளையல் மாதிரி சிவப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. கையை மாற்றிக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கடைசி இரண்டு பந்துகளுக்கு முன்னால் வந்த அந்தப் பந்தை மட்டும் சொல்கிறேன். டாக்டர் மகள் மிக உயரமாகத் தூக்கினாள். மேற்கு வெயில் நேரே அக்காவின் முகத்தில். பந்து சூரியனுக்குள் போய் மறைந்துவிட்டது. அம்மாவின் விரல்கள் இறுகின. பொறு. இன்னும் இறுகின. பொறு. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விடுதலைக்காகக் காத்திருந்தேன். அது வருவதற்கு முன் 'டப்' என்று கேட்டது. டாக்டர் மகளின் காலடியில் பந்து பட்டுத் தெறித்து வேலிக்கம்பியில் போய் மோதியது. அம்மாவின் விரல்கள் அதற்குப் பிறகுதான் விட்டன.

அம்மா தன் கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா முன்பே கண் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அந்த ஆட்டத்தில் தோற்றாள். அப்படி ஓர் அடி அடித்த பிறகு தோற்பது அநியாயம்தான். ஆனால் அடுத்த இரண்டு பந்துகளையும் கோட்டுக்கு வெளியே அடித்துவிட்டாள், அவ்வளவுதான். டாக்டர் மகள் வலைக்கு வந்து கைகுலுக்கி, அக்காவின் தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். நல்ல பெண். குடைகளுக்குக் கீழிருந்தவர்கள் இந்த முறை இரண்டு விரலால் அல்ல, முழுக் கையாலும் தட்டினார்கள்.

முழங்கால்வரை செம்மண்ணோடு, சின்னக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா வாகை மரத்தடிக்கு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றாள். அவளுக்குத் தெரியும், இதுதான் தீர்ப்பு நேரம். மாமி செபமாலையைப் பர்சுக்குள் வைத்து, "போட்டும் மக்களே. நல்லாத்தான் ஆடின. நர்சிங் காலேஜிலயும் இதெல்லாம் இருக்கும்" என்றாள். தோற்ற பிள்ளையைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள்.

அப்பா சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டை நீட்டினார். எனக்கு விழுந்ததைப் போலவே சிவப்புக் கோடு, என்னுடையதைவிடத் தடிப்பாக.

"உங்கம்ம எப்பம் அடிக்கச் சொல்லுதாளோ அப்பம் நீ அடிச்ச" என்றார் அக்காவிடம். "நான் கண்ண மூடிட்டு இருந்து பாத்தேன். ஒண்ணுகூட தப்பல்ல. கடைசியில அவளுக்கும் முன்னால நீ கண்டுட்ட." பிறகு மாமியின் பக்கம் திரும்பினார். "அக்கா, இவளுக்குக் கரையில ஆள் வேண்டாம். மெட்ராஸுக்குப் போட்டும்."

"தோத்ததுக்குப் பொறவா?" என்றாள் மாமி, வாய் பிளந்து.

"தோத்தா என்ன? ஒரு நாள் மீன் படும், ஒரு நாள் படாது. மரத்த மறிக்காம கொண்டுவரத் தெரியுதா, அதுதான் காரியம்."

அக்கா அழுதாள். நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமல். அம்மா அழவில்லை, இலைகளைச் சுருட்டிப் பையில் போட்டு, தூக்குப் பாத்திரத்தை மூடி, எல்லாரையும் பஸ்ஸுக்கு விரட்டினாள். திரும்பி வரும்போது அக்கா அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். இரணியல் தாண்டும்போதுதான் பார்த்தேன், அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை தோற்றதற்காக என்று நினைத்தேன். அல்ல. பெற்ற பிள்ளைக்குத் தன் சத்தம் தேவையில்லை என்று ஒரு நாளில் தெரிந்துகொள்வது எந்தத் தாய்க்கும் வலிக்கும். அதுவும் அந்தச் சத்தத்தால்தான் ஊரில் பெயர் வாங்கியவளுக்கு. அதே அளவு அவளுக்குப் பெருமையும் இருந்தது. அம்மா அழுதுகொண்டே சிரித்ததை எதிர் சீட்டிலிருந்து நான் பார்த்தேன்.

அன்று அந்த விஷயத்தில் வாய் மூடிய மாமி, அக்கா சென்னைக்கு ரயில் ஏறியபோது முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவின் சொல்லுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மதிப்பு.

இப்போது அந்த மண் மைதானம் இல்லை. அதன்மேல் சிமெண்டு போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். வாகை மரம் நின்ற இடத்தில் சீட்டுக் கொடுக்கும் கூண்டு. எங்கள் ஊர்ப் படகுகள் என்ஜின் வைத்து, குளச்சல் துறைமுகத்துச் சுவருக்குள் நேராகப் போய் நிற்கின்றன. கரையில் நின்று யாரும் யாருக்கும் சத்தம் போட வேண்டியதில்லை. நான் அதற்காக வருத்தப்படவில்லை. ஆடி மாதத்தில் ஓர் உயிர்கூடப் போகாமல் எல்லாரும் திரும்புகிறார்கள் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் 'பொறு... பொறு...' என்று நீளும் அந்தச் சத்தத்தை என் பிள்ளைகள் கேட்டதில்லை. அம்மாவிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொன்னார்கள். "கடல்ல ஆளில்லாம எப்பிடிப் பிள்ளே வரும்?" என்று கேட்டுவிட்டாள்.

அக்கா சென்னையிலேயே தங்கி, பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் மகளும் ஆடுகிறாள், இடது கைதான். போன மே மாதம் அவளுடைய ஆட்டத்தைப் பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நீலநிறத் தரை, இரும்புப் படிக்கட்டு இருக்கைகள், எல்லார் கையிலும் செல்போன். அக்கா எதிர்ப்பக்கம் தன் மாணவர்களோடு உட்கார்ந்திருந்தாள். நான் அம்மாவிடம் சொன்னேன், உலகத்துப் பெரிய போட்டிகளில் விதியை மாற்றிவிட்டார்கள், இப்போது வெளியில் இருப்பவர்கள் ஆடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று.

அம்மா ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் அன்னைக்குச் சொன்னது செரிதாம்ணு இப்பமாவது சம்மதிச்சாவளே" என்றாள்.

சத்தம் போடவில்லை. வலக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பழைய பலம் இல்லை; ஆனால் பிடி அதே பிடி. இடப்பக்கம், அப்பா இருந்திருந்தால் உட்கார்ந்திருக்கும் இடத்தில், எங்கள் தண்ணீர்ப் பாட்டிலும் குடையும் இருந்தன. அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. எதிரே பந்து உயரப் போனது. அக்கா மகள் பின்னால் நகர்ந்து கையை ஓங்கினாள். அம்மாவின் விரல்கள் இறுகின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இறுக்கம், இறுக்கம், 'டப்' என்று கேட்டது. அதற்கும் பிறகுதான் அம்மாவின் விரல்கள் விட்டன.

நான் கண்ணைத் திறந்து ஏதோ சொல்ல அம்மாவைப் பார்த்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பி, குடை இருந்த இடத்தைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "கண்டியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.